வெளிநாட்டு அரசு நிதி: மதுரைப் பக்கத்து டிரஸ்டுகள் சறுக்கும் இடங்கள்

உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் பக்கம் வேலை செய்யும் சின்ன டிரஸ்டுகளுக்கு ‘ஜனநாயகம், மனித உரிமை’ என்ற பெயரில் வெளிநாட்டு அரசுப் பணம் வருவது புதிதல்ல. ஆனால் அது நேராக வருவது குறைவு. அமெரிக்க வெளியுறவுத் துறையிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ கிளம்பிய தொகை, அங்கேயே ஒன்றிரண்டு கை மாறித்தான் இங்கே வந்து சேரும். அதற்குள் அது முதலில் யார் பணம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும். ஆடிட்டர் மேசையில் வந்து விழும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த மறதியால் வருபவை.

‘தனியார் அமைப்புதானே கொடுக்கிறது’ என்ற பேச்சிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் தேசிய ஜனநாயக அறக்கட்டளை 1983-இல் தொடங்கியது. பதிவில் அது தனியார் அமைப்பு, ஆனால் பணம் ஆண்டுதோறும் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்குவது. ஜெர்மனியின் கொன்ராட் அடெனாவர், ஃப்ரீட்ரிக் எபர்ட் அறக்கட்டளைகள் அங்குள்ள கட்சிகளை ஒட்டியவை, அவற்றுக்கும் பெரும்பங்கு அரசு பட்ஜெட்டிலிருந்துதான். நம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு, அதாவது எஃப்.சி.ஆர்.ஏ.வுக்கு, கொடுப்பது அரசா தனியாரா என்பது பொருட்டே இல்லை. இரண்டும் வெளிநாட்டு மூலம்தான். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பொருட்டு. நாளைக்கு யாராவது கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லும் நிலையில் இருக்காதீர்கள். இன்ன நாட்டு மக்களின் வரிப்பணம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வதந்திக்கு வேலை குறைவு.

எல்லா வெளிநாட்டுப் பணமும் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஐ.நா.வும் அதன் சிறப்பு முகமைகளும், உலக வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகியவையும் வெளிநாட்டு மூலமாகக் கருதப்படுவதில்லை. துபாயில் வேலை பார்க்கும் அக்கா மகன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்புவதும் சேராது. அதே பையன் கனடா குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். ரூபாயில் கொடுத்தாலும் விதி மாறாது: மீனாட்சியம்மன் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் உங்கள் இரவுப் பள்ளியைப் பார்த்து மனமிரங்கி 5,000 ரூபாய் நீட்டினால், அதுவும் வெளிநாட்டுப் பங்களிப்பே. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ மத்திய அரசின் முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதை வாங்கவே கூடாது.

பதிவு இருக்கிறது என்றால் எதற்காகப் பதிவு என்று எடுத்துப் பாருங்கள். சட்டத்தில் சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு, சமயம் என ஐந்து தலைப்புகள்தான். மனித உரிமை என்று தனித் தலைப்பு கிடையாது. சமயத் தலைப்பில் மட்டும் பதிவு வைத்துக்கொண்டு வாக்காளர் விழிப்புணர்வுப் பணத்தை வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அடுத்து வருவது இந்தப் பக்கத்துக்கே உரிய பள்ளம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பெயர்களைக் கேள்விப்படாதவர் மதுரையில் இருக்க மாட்டார். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிகளில் பத்து வருடம் தேர்தலை நடத்த முடியவில்லை, நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. உதயசந்திரன் ஆட்சியராக இருந்தபோது, 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில் ‘ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி’ என்று புராஜெக்ட் எழுதுவது இயல்பு, நியாயமும்கூட. ஆனால் எஃப்.சி.ஆர்.ஏ.வின் 3-ஆம் பிரிவு, தேர்தல் வேட்பாளர்களும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்கிறது. சட்டம் தரும் விளக்கப்படி ஊராட்சியும் நகராட்சியும் அந்த வரிசையில் அடக்கம். அதாவது நீங்கள் பயிற்சி கொடுக்கப்போகும் ஆட்களே தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். அரசு ஊழியர்கள், செய்தி இதழ்களின் நிருபர்கள், இதழாசிரியர்களுக்கும் இதே தடை. மண்டபம் பிடித்து வகுப்பு எடுப்பது ஒன்று, வந்த வார்டு உறுப்பினர் கையில் ‘பங்கேற்புப் படி’ என்று கவர் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்குவது வேறு. அந்த ஒரு வரியை பட்ஜெட்டில் போடுமுன் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஊராட்சித் தலைவரை வெளிநாட்டு மாநாட்டுக்கு அந்நாட்டுச் செலவில் அழைத்துப்போவதாக இருந்தால் 6-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு அனுமதி கேட்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தம் நடைமுறைக்கு வந்த 2020 செப்டம்பர் 29-க்குப் பிறகும் பழைய பழக்கத்தை விடாதவர்கள் உண்டு. அதற்கு முன்பு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். சென்னையில் வாங்கி, வாடிப்பட்டியில் ஒன்று, திருமங்கலத்தில் ஒன்று என்று பகிர்வது அப்படித்தான் நடந்தது. திருத்தத்துக்குப் பின் அது முழுக்கத் தடை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது. இந்தத் தடை சின்ன அமைப்புகளின் கழுத்தை நெரித்தது என்பது என் கருத்து. அதற்காக மானியத்தைப் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று பில் போட்டுக் கடத்துவது தப்பிக்கும் வழியல்ல. விசாரணையில் முதலில் புரட்டப்படுவதே அந்தப் பில்கள்தான்.

நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் அப்போதுதான் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. 10 லட்சம் வந்தால் அலுவலக வாடகை, கரண்ட் பில், போன், கணக்காளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். பயிற்சியையே முதன்மை வேலையாகக் கொண்ட அமைப்பில் வகுப்பு எடுப்பவரின் சம்பளம் இதில் சேராது. இது தெரியாமல் எல்லாரையும் ‘ஸ்டாஃப் சம்பளம்’ என்ற ஒரே தலைப்பில் எழுதி, வரம்பைத் தாங்களே தாண்டிக்கொள்கிறார்கள். தலைப்பை முதல் மாதமே பிரித்துவிடுங்கள், மார்ச் கடைசியில் பிரிக்க உட்கார்ந்தால் விடியாது.

பணம் முதலில் இறங்க வேண்டியது டெல்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில். மதுரைக் கிளைக்கு அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது.

அரசியல் பயம் இன்னொரு பக்கம். மனித உரிமை என்றாலே பதிவு போய்விடும் என்று ஆர்ப்பாட்டத்துக்கே போக மாட்டார்கள் சிலர். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல், தங்கள் உரிமைக்காக பந்த், மறியல் போன்ற வழிகளில் போராடும் அமைப்பை அதற்காகவே அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் ஒரு கட்சிக் கூட்டத்துக்கு உங்கள் வேனும் மைக் செட்டும் போனால் இந்தத் தீர்ப்பு காப்பாற்றாது.

அறிவிப்பை வரவு என்று எண்ணும் தவறு 2025-இல் பலரைத் தெருவில் நிறுத்தியது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தது. ஜூலை 1-இல் அந்நாட்டு அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்டு வெளியுறவுத் துறைக்குள் கரைந்தே போனது. ஒப்பந்தக் கடிதத்தை நம்பி ஆள் எடுத்து, அட்வான்ஸ் கொடுத்து மாடி பிடித்தவர்களுக்குச் சம்பளம் போடக் காசில்லை. செய்தியைப் படிப்பதிலும் இதே நிதானம் தேவை. அந்த பிப்ரவரியில் ‘இந்திய வாக்குப்பதிவுக்கு 2.1 கோடி டாலர்’ என்று ஓர் அறிவிப்பு வந்து, கட்சிகள் மாறி மாறிக் குற்றம் சாட்டின. அந்தத் தொகை வங்கதேசத்துக்கு ஒதுக்கியது என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களைக் காட்டி எழுதியது. இதற்கிடையே எத்தனை டிரஸ்டுகளை ஊரில் சந்தேகமாகப் பார்த்தார்களோ.

நிதி நின்ற பிறகு ‘இனி நமக்கென்ன’ என்று கோப்பை மூடி வைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மிச்சமிருக்கும் தொகையும் அதற்கு வரும் வட்டியும் தொடர்ந்து வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கணக்கில் நிற்கும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்.சி-4 என்ற ஆண்டுக் கணக்கறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும், வரவு பூஜ்யமாக இருந்தாலும். பதிவுக்கு ஆயுள் ஐந்து வருடம். அது முடிய நான்கு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள், செயலாளர் மாறியிருந்தால் அந்தத் தகவலை அதற்கும் முன்பே ஏற்றிவிடுங்கள்.