ஹவுஸ், டெக்னோ, ஆசிட்: வரலாறு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணு நடன இசை வகைகள் எல்லாவற்றையும் ‘இடிஎம்’ (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். அந்தப் பெயர் பரவலானது 2010ஐ ஒட்டி, அமெரிக்காவில் பெரிய விழா மேடைகள் பெருகியபோதுதான். ஹவுஸும் டெக்னோவும் அதற்குக் கால் நூற்றாண்டு மூத்தவை.

இரண்டும் ஐரோப்பாவில் பிறந்தவை என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் 1977 முதல் டிஜேயாக இருந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். ஹவுஸ் என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். டெக்னோவுக்கு அடித்தளம் போட்ட ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட் அருகே பெல்வில்லில் ஒன்றாகப் படித்த கறுப்பின இளைஞர்கள். ஜெர்மனியின் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க் அவர்களுக்கு உந்துதல் தந்தது உண்மை. அதற்காக இந்த மூவரின் பெயரை விட்டுவிட்டு டெக்னோ வரலாறு எழுதுவது அநியாயம்.

வேகத்தை மட்டும் எண்ணி வகை சொல்வதும் காலை வாரிவிடும். நிமிடத்துக்கு 140 பீட்டில் டெக்னோவும் உண்டு, தெற்கு லண்டனில் பிறந்த டப்ஸ்டெப் என்ற வகையும் உண்டு. டெக்னோவில் நான்கு பீட்டிலும் கிக் (‘தும்’ என்ற கனத்த டிரம் அடி) விழும். டப்ஸ்டெப்பில் ஸ்னேர் (‘டக்’ என்ற கூர்மையான டிரம் அடி) பெரும்பாலும் மூன்றாவது பீட்டில் மட்டும் விழுவதால் தலை 70க்குத்தான் ஆடும். முதலில் கிக்கும் ஸ்னேரும் எங்கே விழுகின்றன என்று கேளுங்கள், பிறகு எண்ணுங்கள்.

நம்மூர் இணையத்தில் அடிக்கடி வருவது, “ஆசிட் ஹவுஸை இந்தியர்தான் கண்டுபிடித்தார்” என்பது. ஆசிட் என்பது ஹவுஸின் ஒரு கிளை. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (பாஸ் சின்தசைசர்), டிஆர்-808 (டிரம் மெஷின்) கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். கேட்டால் அசந்துபோவீர்கள். ஆனால் சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. கிடாரிஸ்ட் தனியாகப் பயிற்சி செய்யும்போது பாஸ் (அடித்தள ஒலி) வாசிக்கத் துணையாக வந்த கருவி 303. விலைபோகாமல் தயாரிப்பு நின்று, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. சிகாகோவின் ஃபியூச்சர் (Phuture) குழு அதில் ஒரே பாஸ் வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஓடும்போதே குமிழ்களைத் திருகியது. ஒலியை வடிகட்டும் எல்லையை மாற்றும் கட்-ஆஃப் குமிழைத் திருப்பத் திருப்ப ஒலியின் மேல்பகுதி திறக்கும். அந்த எல்லையருகே உள்ள ஒலியை உயர்த்தும் ரெசனன்ஸ் குமிழை ஏற்றினால் அந்த விளிம்பு கீச்சிடும். சுரம் மாறாது, நிறம்தான் மாறும். அந்தப் பதிவு 1987இல் இசைத்தட்டாக வந்தது, ஆசிட் என்ற பெயரும் நிலைத்தது. சிங்கின் பெருமைக்கு அவர் செய்ததே போதும், செய்யாததைச் சேர்க்க வேண்டாம்.

லண்டனில் வளர்ந்த வேகமான நடன இசையான ஜங்கிளை வெறும் கணினித் தாளம் என்பவர்களும் இருக்கிறார்கள். அதன் உயிர்நாடி, 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரிகோரி கோல்மன் கையால் வாசித்த நான்கு பார் (நான்கு தாளச்சுற்று) டிரம்ஸ், சுமார் 7 விநாடி. லண்டன் இளைஞர்கள் அதைச் சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி) ஏற்றி, துண்டுபோட்டு, 160க்கு மேல் விரட்டினார்கள். கோல்மனுக்கு அதற்கான உரிமத்தொகை கடைசிவரை வரவில்லை. ஜங்கிள் பற்றி எழுதும்போது அவர் பெயரை விடாதீர்கள்.