ஜிஸ்ட் கட்டி: நாம தெரியாம பண்ற தப்புகள்

எங்க பெரியப்பாவுக்கு ஜிஸ்ட்னு ரிப்போர்ட் வந்தப்போ சாதாரண வயித்து கேன்சர்னுதான் எல்லாரும் நெனச்சோம், முதல் தப்பே அதுதாங்க. குடலை அசைய வைக்கிற கஹால் செல்கள்னு இருக்கு, அந்த வகை செல்லுல இருந்து வர்ற கட்டி இது. பாதிக்கு மேல இரைப்பையிலதான் வரும். வழக்கமான கீமோ இதுக்கு பெருசா கேக்காது, ஆபரேஷனும் மாத்திரையும்தான் வைத்தியம்.

அதுக்கு முன்னாடியே ஒரு தப்பு நடந்துச்சு. மாசக்கணக்கா மலம் தார் மாதிரி கறுப்பா போயிருக்கு, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, மூலமா இருக்கும்னு சொல்லிட்டு ரத்தசோகைக்கு அயர்ன் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டு இருந்தார். அயர்ன் மாத்திரையும் மலத்தை கறுப்பாக்கும், அதனால யாருக்கும் சந்தேகமே வரல. ஆனா வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் இப்படித்தான் போகும், எண்டோஸ்கோப்பி அப்பவே பாத்திருக்கணும்.

பயாப்ஸியில ஜிஸ்ட்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, கட்டியோட ஜீன்ல என்ன மாற்றம் இருக்குன்னு பாக்கற ம்யூட்டேஷன் டெஸ்ட் பண்ணணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இதுக்குக் குடுக்கற இமாட்டினிப்ங்கற மாத்திரை வழக்கமா தினம் 400 மில்லிகிராம், ஆனா கிட்ங்கற ஜீன்ல எக்ஸான் 9ங்கற பகுதியில மாற்றம் இருந்தா டோஸ் கூட்ட வேண்டி வரலாம், பிடிஜிஎஃப்ஆர்ஏங்கற இன்னொரு ஜீன்ல டி842விங்கற மாற்றம்னா இமாட்டினிப்பே கேக்காது, வேற மருந்து பாக்கணும்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, நல்லாயிட்டோம்னு மாத்திரையை நாமளே நிறுத்தறது. திரும்ப வர்ற ஆபத்து அதிகம் இருக்கறவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் 3 வருஷம் குடுப்பாங்க, கட்டி பரவியிருந்தா மருந்து கேக்கற வரைக்கும் தொடர்ந்து போடணும். பெரியப்பாவுக்கு காலையில எழுந்தா கண் இமை ரெண்டும் வீங்கியிருக்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு வாரம் விட்டுட்டார். இதெல்லாம் இந்த மருந்துக்கு அடிக்கடி வர்றதுதான், டாக்டர்கிட்ட சொன்னா சமாளிக்க வழி சொல்லுவாங்க. வெறும் வயித்துல போடாதீங்க, சாப்பாட்டோட, பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட போடுங்க. கிரேப்ஃப்ரூட் வேண்டாம், நாட்டு மருந்து எடுக்கறதா இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

விலை கம்மியா இருக்கே, போலியா இருக்குமோன்னும் பயப்படாதீங்க. இமாட்டினிப்பை க்ளீவெக்ங்கற பேர்ல விக்கிற நோவார்ட்டிஸ் கம்பெனி அதுக்கு கேட்ட பேட்டன்ட்டை சென்னை பேட்டன்ட் ஆபீஸ் 2006லயே மறுத்துச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட்டும் முடியாதுன்னுடுச்சு, அதனாலதான் இங்க அதே மருந்தை மத்த கம்பெனிங்க செய்யற ஜெனரிக் கிடைக்குது.

அப்புறம் சிடி ஸ்கேன். மாத்திரை வேலை செய்யும்போதே சில சமயம் கட்டி அதே அளவுல இருக்கும், கொஞ்சம் பெருசாக்கூட தெரியும், உள்ள அடர்த்தி குறைஞ்சிருக்கும். ரிப்போர்ட்ல சென்டிமீட்டரை மட்டும் பாத்து ராத்திரி முழுக்க அழுதோம், மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டி இந்த இடம் கறுத்துப் போயிருக்கு பாருங்க, மருந்து கேக்குதுன்னு சொன்னப்புறம்தான் பெரியம்மா காபியே குடிச்சாங்க.