முகப்பருவுக்கு ஜெல் போடும் முறை

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் புழுக்கத்தில் மதியத்துக்குள் முகத்தில் எண்ணெய் வழியும். ஆனாலும் பரு அழுக்கால் வருவதில்லை. இறந்த தோல்செல்கள் மயிர்க்காலை அடைத்து, உள்ளே எண்ணெய் தேங்கி, கிருமி பெருகி வீங்குவதுதான் பரு. ஐந்து வேளை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். காலையும் இரவும் கழுவினால் போதும். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் படிந்தால் மென்மையான ஃபேஸ் வாஷுக்கு மாறுங்கள்.

காலையில்: பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். 5, 10 சதவீதத்துக்குப் போகாதீர்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடும். கலர் துண்டு, தலையணை உறையில் பட்டால் சாயம் வெளுக்கும். வெளியே போகும் முன் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன்.

இரவில்: அடாபலீன் 0.1 சதவீத ஜெல், மருத்துவர் சீட்டோடு. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக்கூடாது. பலரும் தடுக்கி விழுவது இதைப் போடும் முறையில்தான். முகம் கழுவி 20 நிமிடம் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் போட்டால் எரியும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். நெற்றி, மூக்கு, இரு கன்னம், தாடை என ஐந்து புள்ளி வைத்துப் பரப்புங்கள். பரு மேல் மட்டும் வைப்பது வீண். அடுத்த அடைப்பைத் தடுப்பதுதான் இதன் வேலை. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரத்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் உரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல்.

முதல் மாதம் பரு கூடலாம். அப்போது பயந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் "ஏதாவது க்ரீம் கொடுங்க" என்று கேட்காதீர்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. சில நாளில் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தியதும் சிவந்து, பரு இரட்டிப்பாகும், தோலும் மெலியும். ஜெல் வேலை செய்கிறதா என்பதை 12 வாரம் கழித்தே சொல்ல முடியும்.

பின்னால் சேர்த்தது: நெற்றியில் மட்டும் பரு என்றால் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைச் சந்தேகியுங்கள். தாடையில் மட்டும் என்றால் ஹெல்மெட் வாரைத் துவையுங்கள். பெண்களுக்கு மாதவிலக்கும் தள்ளிப்போனால் ஹார்மோன் பரிசோதனை தேவை. ஒரே அளவுப் பொடிப்பொடியாக அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், இந்த ஜெல்கள் கேட்காது. ஆழமாக வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்பு என்றால் 12 வாரம் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இதுவரை போட்ட ட்யூப் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.