யூஎஸ்பி ஸ்டிக்கில் பிட்காயின் மைனிங்: மூன்று மாலைகளைத் தொலைத்துவிட்டு எழுதும் செய்முறை

கறுப்புத் திரையில் ஒரே வரி: சாதனம் எதுவும் தென்படவில்லை, செருகினால் எடுத்துக்கொள்கிறேன், வெளியேற கியூ அழுத்தவும். ஸ்டிக் செருகித்தான் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனாலும் மைனிங் செய்யும் நிரலான சிஜிமைனர் கண்ணுக்கு அது தெரியவில்லை. இந்த ஒரு வரியோடு மூன்று மாலைகள் மல்லுக்கட்டினேன். நீங்கள் அந்த இடத்தை அரைமணியில் தாண்டிவிட வேண்டும் என்பதற்காக இந்தப் பதிவு.

பிட்காயின் வாலட் வைத்திருக்கிறீர்கள், ஒரு ஜிப் கோப்பை விரித்து அதிலுள்ளதை இயக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹாஷ் என்றால் என்ன, பிளாக் என்றால் என்ன என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

காசு வருமா?

வராது. கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். 2024 ஏப்ரல் ஹாவிங்குக்கு (பரிசு பாதியாகும் கட்டம்) பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஒரு நாளைக்கு 144 பிளாக். உலகம் முழுக்க ஓடும் மைனர்களின் மொத்த வேகம் வினாடிக்கு 1 செட்டாஹாஷ் என்று எளிமைக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியம். உங்கள் ஸ்டிக் 300 கிகாஹாஷ், அதாவது வினாடிக்கு 30,000 கோடி. வகுத்துப் பார்த்தால் சராசரியாக 63,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்களுக்கு ஒரு பிளாக் விழும்.

எல்லோரும் சேர்ந்து தோண்டிப் பங்கு பிரிக்கும் பூலில் சேர்ந்தால்? ஒரு நாளைக்குச் சுமார் 13 சடோஷி (பத்துக் கோடி சடோஷி சேர்ந்தால் ஒரு பிட்காயின்). ஒரு பிட்காயின் 1,00,000 டாலர் என்றே வைத்தாலும் அது ஒன்றேகால் சென்ட். ஸ்டிக், ஹப், விசிறி, சின்னக் கணினி எல்லாம் சேர்த்து 20 வாட் என்றால் ஒரு நாளைக்கு 0.48 யூனிட் மின்சாரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள். எனக்கு இருந்தது. பூல் வேலை அனுப்புவதும், சிப் அதை மென்று விடை துப்புவதும் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க இந்தச் சின்னக் கருவி போதும்.

எந்த ஸ்டிக்?

2013-இல் வந்த பிளாக் எரப்டர் இன்னும் பழைய பொருள் விற்கும் தளங்களில் கிடைக்கிறது. வேகம் வினாடிக்கு 33 கோடி ஹாஷ் அளவுதான். அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். ஓட்டிப் பார்ப்பதென்றால் கெக்கோசயின்ஸ் தயாரிப்பு வகையறாவைத்தான் சொல்வேன். காம்பேக், 2பேக், நியூபேக், காம்பேக் எஃப் என்று அடுத்தடுத்து வந்தவை. இவற்றின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம்: சிப்பிலுள்ள கோர்களின் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) எண்ணிக்கையை மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் மெகாஹாஷ்.

முதல் காம்பேக்கில் இருப்பது பிஎம்1384, 55 கோர். 150 மெகாஹெர்ட்ஸில் 8.25 கிகாஹாஷ். நியூபேக்கில் பிஎம்1387 இரண்டு, ஒவ்வொன்றிலும் 114 கோர். 100 மெகாஹெர்ட்ஸில் 22.8 கிகாஹாஷ். காம்பேக் எஃப்பில் பிஎம்1397 ஒன்று. 672 கோர் என்று கணக்கு வைத்தால் 450 மெகாஹெர்ட்ஸில் 302 கிகாஹாஷ். விற்பவர் இதைவிட மிகப் பெரிய எண் சொன்னால், எந்த மெகாஹெர்ட்ஸில் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் பழைய நியூபேக்கில் தொடங்கி, பிறகு காம்பேக் எஃப்புக்கு வந்தேன். கீழே வருவது இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: ஹப்

ஸ்டிக்கை நேரே லேப்டாப்பில் செருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்ப், அதாவது 2.5 வாட். 3.0 போர்ட் 900 மில்லியாம்ப், 4.5 வாட். பிஎம்1397 சிப்பை வைத்துச் செய்த எஸ்17 என்ற பெரிய மைனிங் இயந்திரம் ஒரு டெராஹாஷுக்கு 45 வாட் இழுக்கும். அந்த விகிதத்தில் 300 கிகாஹாஷுக்கு 13, 14 வாட். 5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்ப். லேப்டாப் போர்ட் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வேண்டியது தனி அடாப்டரோடு வரும் ஹப். அட்டையில் "பவர்டு" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு போர்ட்டும் எத்தனை ஆம்ப் தரும், எல்லாம் சேர்ந்து எத்தனை வாட் என்ற இரண்டையும் பாருங்கள். நான் முதலில் வாங்கிய ஏழு போர்ட் ஹப்பின் அடாப்டர் 5 வோல்ட் 2 ஆம்ப், ஆகமொத்தம் 10 வாட். அதில் ஸ்டிக் பத்து வினாடி ஓடும், பிறகு சிஜிமைனரில் 'சாம்பி' என்று வந்து செத்துப்போகும். திரும்பச் செருகினால் மறுபடி பத்து வினாடி. சிப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மென்பொருளை மூன்று முறை மாற்றிப் பார்த்த பிறகுதான் அடாப்டரின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன்.

என் பரிந்துரை, 12 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டரோடு வரும் உலோகப்பெட்டி ஹப். விலை கூடுதல்தான், ஆனால் மொத்தத்தில் செலவழித்து வாங்கவேண்டிய ஒரே பொருள் அதுதான். அதிலும் சில ஹப்களில் இரண்டு மூன்று போர்ட்கள் சார்ஜ் மட்டும், தரவு போகாது. ஸ்டிக்கின் விளக்கு எரியும், கணினிக்குத் தெரியாது. மெல்லிய நீட்சிக் கேபிளும் வேண்டாம், போகிற வழியிலேயே வோல்ட்டேஜ் குறைந்துவிடும்.

விசிறி கட்டாயம். விரல் வைத்தால் சுடுகிற சூட்டை ஸ்டிக் ஐந்தே நிமிடத்தில் எட்டிவிடும். ஒரு சின்ன யூஎஸ்பி விசிறியை ஹீட்சிங்க் பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 2: விண்டோஸ் டிரைவர், என்னைக் கவிழ்த்த இடம்

ஸ்டிக்கைச் செருகியதும் விண்டோஸ் அதை ஒரு சீரியல் போர்ட் என்று நினைத்துக்கொண்டு அதற்குரிய டிரைவரைப் போட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் ஒன்று முளைக்கும். சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் கோளாறு இங்கேதான். சிஜிமைனர் காம் போர்ட் வழியாகப் பேசாது. லிப்யூஎஸ்பி என்ற நிரல் நூலகம் வழியாக நேரே சாதனத்தைப் பிடிக்கப் பார்க்கும். சீரியல் டிரைவர் உட்கார்ந்திருக்கும்வரை அதற்கு இடம் கிடைக்காது. முதல் வரியில் சொன்ன செய்தி அப்போதுதான் வருகிறது.

தீர்வு ஸாடிக் என்ற சின்ன நிரல். திறந்ததும் பட்டியல் வெறுமையாக இருக்கலாம். டிரைவர் இல்லாதவற்றை மட்டும் காட்டுவது அதன் இயல்பு. ஆப்ஷன்ஸ் மெனுவில் 'லிஸ்ட் ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கணினியிலுள்ள எல்லா யூஎஸ்பி சாதனமும் வரும்: வெப்கேம், மவுஸ், புளூடூத், எல்லாம்.

இங்கே நிதானம். காம்பேக் எஃப் என்றால் பெயரிலேயே 'பிட்காயின் மைனர்' என்று இருக்கும். யூஎஸ்பி ஐடி 0403, 6015. நியூபேக்குக்கும் அதே ஐடிதான். அது பட்டியலில் தேர்வாகியிருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, அம்புக்குறியின் வலப்பக்கம் வின்யூஎஸ்பி (லிப்யூஎஸ்பிக்கு வழிவிடும் டிரைவர்) என்று வைத்து 'ரீப்ளேஸ் டிரைவர்' அழுத்துங்கள்.

ஏன் இரண்டு முறை என்றால், நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பட்டியலில் முதலில் நின்றது என் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர். அதற்கு வின்யூஎஸ்பி போட்டுவிட்டேன். மவுஸ் நின்றது, அதே ரிசீவரில் இருந்த கீபோர்டும் நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு இருந்ததால் தப்பித்தேன். உங்களுக்கும் இது நடந்தால்: டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் தேடி, அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும் அழிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்'. பழைய டிரைவர் திரும்பிவிடும். டெஸ்க்டாப்காரர்கள் ஸாடிக்கைத் திறக்கும் முன் வயருள்ள ஒரு கீபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரியாக மாறியதும் காம் போர்ட் மறைந்துவிடும். பதற வேண்டாம், மறைந்தால்தான் சரி.

பின்னர் சேர்த்தது: ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று சாதனம் தென்படவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கும் நடந்தது. விண்டோஸ் அப்டேட் பழைய சீரியல் டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. காம் போர்ட் மறுபடி முளைத்திருந்தால் அதுதான் காரணம். ஸாடிக்கை இன்னொருமுறை ஓட்டுங்கள்.

படி 2, லினக்ஸ்காரர்களுக்கு

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று சும்மா கிடந்தால் விண்டோஸ் தலைவலியே வேண்டாம். நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். சிஜிமைனர் மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். ரீட்மீயில் சொன்ன தேவைகளை நிறுவிவிட்டு வரிசையாகப் போனால் போதும். இரண்டே இடத்தில் சறுக்கும்.

ஒன்று, கான்ஃபிகர் கட்டத்தில் 'எனேபிள் கெக்கோ' என்ற விருப்பத்தைச் சேர்க்க மறப்பது. மறந்தாலும் பிழை எதுவும் வராது. கம்பைல் ஆகும், ஓடும், சாதனம் மட்டும் தெரியாது. இரண்டு, அனுமதி. சூடோ போட்டால் ஓடுகிறது, போடாவிட்டால் ஓடவில்லை என்றால், மூலநிரலோடு வரும் யூடெவ் ரூல்ஸ் கோப்பை அதற்குரிய கோப்புறையில் நகலெடுத்துவிட்டு ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுங்கள். எப்போதும் சூடோவில் ஓட்டுவது சோம்பேறித்தனம். எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டுபவர்கள் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பை மூடியதும் மைனரும் மூடிக்கொள்ளும்.

படி 3: சிஜிமைனரும் பூலும்

சிஜிமைனரை 2011-இல் தொடங்கியவர் கான் கோலிவாஸ். தொழிலால் மயக்க மருந்து மருத்துவர். தனியாள் மைனிங்குக்கு நான் சொல்லப்போகும் சோலோ சிகேபூலும் அவர் கைவண்ணமே.

இறக்கும் பதிப்பு உங்கள் ஸ்டிக்கின் மாடலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளுக்குக் காம்பேக் எஃப் தெரியாது. ஆன்டிவைரஸ் கூச்சல் போடும். திருட்டு மைனர்களும் இதே நிரலை ஒளித்துவைத்து ஓட்டுவதால் எல்லா மைனிங் நிரலையும் அது சந்தேகப்படுகிறது. அதற்காக ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள். அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். யாரோ அனுப்பிய ஜிப் கோப்பிலிருந்து எடுத்ததென்றால் ஆன்டிவைரஸ் சொல்வதையே கேளுங்கள்.

நோட்பேடில் ஒரே வரியாகக் கட்டளையை எழுதி பேட்ச் கோப்பாகச் சேமியுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பூல் முகவரி, போர்ட் 3333, பயனர்பெயர் இடத்தில் உங்கள் பிட்காயின் முகவரி, கடவுச்சொல் இடத்தில் வெறும் எக்ஸ், கடைசியில் ஸ்டிக்கின் ஃப்ரீக்வென்சி. முகவரி உங்கள் கையிலுள்ள வாலட்டினுடையதாக இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் தரும் டெபாசிட் முகவரி வேண்டாம். சோலோ சிகேபூலில் பிளாக் விழுந்தால், 2 சதவீதக் கட்டணம் போக மீதி நேரே அந்த முகவரிக்கு வரும். அதையும் 100 பிளாக் கடந்த பிறகுதான் செலவழிக்க முடியும். சீட் ஃப்ரேஸ், அதாவது வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களைக் கேட்கும் பூல் எதுவானாலும் திருடன்.

ஃப்ரீக்வென்சியைக் குறைவாகத் தொடங்குங்கள். நியூபேக்குக்கு 100, காம்பேக் எஃப்புக்கு 300. ஒருமணி நேரம் ஓடவிட்டு 25 வீதம் ஏற்றுங்கள். திரையில் ஹெச்டபிள்யூ என்ற எண் (சிப் செய்த பிழைகள்) விறுவிறுவென்று ஏறத் தொடங்கினால் ஒரு படி இறங்குங்கள். நியூபேக்கின் பலகையில் வோல்ட்டேஜுக்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் தொடாமலேயே ஓட்டினால் உங்களுக்கு ஒரு குறையும் வராது.

"ஓடுகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை"

பதிவைப் போட்டபின் அதிகம் வந்த கேள்வி இது. வேகம் காட்டுகிறது, ஏ என்ற எண் (பூல் ஏற்றுக்கொண்ட ஷேர்களின் கணக்கு) மட்டும் அரைமணியாகச் சுழியம். பெரும்பாலும் பழுது ஒன்றுமில்லை. ஷேர் என்பது வேலை நடக்கிறது என்று காட்ட ஸ்டிக் பூலுக்கு அனுப்பும் விடை. பூல் கேட்கும் ஷேரின் கடினம் உங்கள் ஸ்டிக்குக்கு அதிகம், அவ்வளவுதான். கடினத்தை 430 கோடியால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் ஒரு ஷேருக்குச் சராசரியாக எத்தனை வினாடி என்று தெரியும். கடினம் 10,000 என்றால் காம்பேக் எஃப்புக்கு 143 வினாடி. நியூபேக்குக்கு 31 நிமிடம். 'சஜஸ்ட் டிஃப்' விருப்பத்தில் சிறிய எண்ணாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பூலும் இறங்கி வராது. ஏ எண் ஒன்றொன்றாக ஏறாமல் ஷேரின் கடினத்தின் அளவுக்குத் தாவும், அதையும் பார்த்து மிரள வேண்டாம்.

ஆர் எண் ஏ எண்ணோடு போட்டிபோட்டு ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள். அது பூல் நிராகரித்த ஷேர்.

திரையின் மேலே 'பெஸ்ட் ஷேர்' என்று ஒன்று இருக்கும், இதுவரை கிடைத்ததிலேயே அதிகக் கடினமான ஷேர். எனக்குப் பிடித்த எண் அதுதான். 300 கிகாஹாஷில் ஒரு மாதம் விடாமல் ஓட்டினால் 18 கோடி அளவுக்குப் போகலாம். பிளாக் விழ வேண்டுமானால் அது நெட்வொர்க் கடினத்தைத் தாண்ட வேண்டும். 2024 கடைசியிலேயே அது 100 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் போய்ப் பார்க்கத்தான் செய்கிறேன்.

நிறுத்தும்போது ஸ்டிக்கை அப்படியே பிடுங்காதீர்கள். கியூ அழுத்தி நிரல் வெளியேறட்டும், விசிறி இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு கழற்றுங்கள். ஹீட்சிங்க் அப்போதும் சுடும், ஓரத்தைப் பிடித்து இழுங்கள்.