வயிற்றில் குழந்தை இருக்கும்போது ஃப்ளூ வந்தால்?

அது வராமல் தடுக்க முதல் வேலை, ஃப்ளூ தடுப்பூசி. எத்தனையாவது மாதமாக இருந்தாலும் போடலாம், ஆனால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை வேண்டாம், அதில் உயிருள்ள (பலவீனமாக்கிய) வைரஸ் இருக்கிறது, ஊசிதான் கேளுங்கள். போட்டு சுமார் 2 வாரத்தில் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும். பிறந்த குழந்தைக்கு 6 மாதம் வரை இந்த ஊசி போட முடியாது என்பதால், அந்த நாட்களில் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் நீங்கள் கொடுத்ததுதான். போன வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் மற்றவர்களும் போட்டுக்கொள்ளட்டும். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள், இருமுகிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி.

அதையும் மீறி காய்ச்சல், உடம்புவலி வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் ஓசெல்டமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபென் நீங்களாக எடுக்காதீர்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது தெரிந்தாலும் நேராக மருத்துவமனைதான். அப்புறம், பிரசவமான பிறகு ஃப்ளூ வந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள்.