மரக்கறிக் கன்று வளர்க்கப் பழைய சாமான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோடாப் போத்தலை அரைவாசியாக வெட்டிக் கன்றின்மேல் கவிழ்ப்பது குளிர்நாட்டு வழக்கம். அங்கே உறைபனிக்குத் தப்பக் கன்றுக்குச் சூடு வேண்டும். யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலுக்கு அப்படி மூடிவிட்டால் மத்தியானத்துக்குள் மிளகாய்க்கன்று உள்ளுக்குள் அவிந்துபோகும். போத்தல்தான் கையில் இருக்கிறதென்றால் கழுத்தையும் அடியையும் வெட்டி வளையமாக்குங்கள். கன்றைச் சுற்றி ஓரிரு அங்குலம் மண்ணுக்குள் அழுத்திவிட்டால் கோழி கிளறாது, இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழுவும் கிட்ட வராது.

நிழலுக்குப் பீத்தல் கடகத்தைவிட, அதாவது கிழிந்த பனையோலைக் கூடையைவிட, நல்ல சாமான் எனக்குத் தெரியாது. ஓலை இடுக்கால் காற்றுப் போய்வரும். புதிதாக நட்ட கன்றுக்குக் காலை 10 மணியளவில் கவிழ்த்து, பின்னேரம் 4 மணிக்கு எடுத்துவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் மேலே ஒரு கல் வேண்டும். நாலைந்து நாளில் கன்று நிமிர்ந்துவிடும். அதற்குப் பிறகும் பாவம் பார்த்து மூடிவைத்தால் வெளிறி, நெடுத்து, தண்டு வலுவில்லாமல் போகும்.

அடுத்த தவறு, பால்மாப் பேணியிலும் யோகட் கப்பிலும் ஓட்டை போடாமல் மண் நிரப்புவது. தண்ணீர் வடியாத மண்ணில் முளைத்த கன்றைக் குனிந்து பாருங்கள்: மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து, நூல்போல மெலிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்து கிடக்கும். அது பூஞ்சண அழுகல். அந்த மண்ணைக் கொட்டி, பேணியைக் கழுவி வெயிலில் காயவிடாமல் திரும்ப விதை போடக்கூடாது. சிரட்டை என்றால் கண்ணுள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் மெல்லியது ஆணியால் குத்தவே திறந்துவிடும். கன்றைப் பிடுங்கி நட்டதும் வெறுஞ்சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மாரி மழையில் அதில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும். முட்டை நுளம்பாக ஒன்றரைக் கிழமைகூடப் பிடிக்காது. பழைய ரயருக்கும் சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுக்கும் இதே கவனம் தேவை.

பூச்சிமருந்து இருந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்கவே வேண்டாம். பழைய பெயின்ற் வாளியும் அப்படித்தான், அதுவும் கீரைக்கு.

முட்டைக்கோதையும் அடுப்புச் சாம்பலையும் வீணாக்கக்கூடாதென்று விதைமண்ணில் கலப்பவர்கள் நிறையப்பேர். குடாநாடே சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அந்தச் சுண்ணாம்புதான். அதோடு இன்னும் சேர்த்தால் மண்ணில் காரம் ஏறி, கன்றால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாக நிற்க, குருத்திலை மஞ்சளாகும். உடனே பசளை போதவில்லை என்று நினைத்து யூரியா போடுவார்கள், கன்று கருகும். விதைமண்ணுக்குச் செம்மண்ணும் நன்றாக உக்கிய மாட்டெருவும் சரிபாதி போதும். பச்சைச் சாணம் வேண்டாம், அது வேரை எரித்துவிடும்.