ஒன்பதில் குன்றக்குடி எப்படி வந்தது?

காரைக்குடிப் பக்கம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) 9 குலக்கோயில்களைப் பற்றி வினாத்தாள் தயாரிக்க ஏஐயிடம் கேட்டேன். பட்டியலில் குன்றக்குடி இருந்தது! முருகன் கோயில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கம்தான். ஆனால் ஒன்பதில் சேராது. ஒன்பதில் ஒன்றான இளையாத்தங்குடியையே காணோம். தவறு என்றதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு தப்பைச் சொன்னது. (பணிவுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.)

அப்புறம் வழியை மாற்றினேன். மாத்தூர், வைரவன்பட்டி என ஒன்பது பெயரும் உள்ள என் பாடக்குறிப்பை அப்படியே ஒட்டி, “இதை மட்டும் வைத்து 10 கேள்வி எழுது. ஒவ்வொரு விடையும் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டு. இல்லாததை ‘குறிப்பில் இல்லை’ என்று சொல்” என்றேன். வரி எண்ணோடு வந்ததால் சரிபார்ப்பது சுலபமாயிற்று. ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு விடை பொருந்தியது, அதை அடித்துவிட்டேன்.